படத்தில் வராத படகோட்டி

மாலையிட்ட படத்தருகே அமர்ந்திருக்கும் மன்றத் தலைவர் கிரிஜாசங்கர் ஐயா அவர்களே! பாக்பஜாரின் மேடைகளைத் தங்கள் குரலால் வாழவைத்த நாடகப் பெரியோர்களே! பந்தலின் வலப்பக்கம் வீற்றிருக்கும் தாய்மார்களே! தேநீர்க் கடை பெஞ்சுகளைத் தூக்கிவந்து போட்டு உட்கார்ந்திருக்கும் தோழர்களே! முதல் வரிசையில், நான் நேர்நோக்கத் துணியாத சுரமா அண்ணி அவர்களே! மறைந்த நம் பவதோஷ் அண்ணனின் நினைவைப் போற்றக் கூடியிருக்கும் உங்கள் அனைவர்க்கும் இந்த சுகேந்து பாக்ராஷியின் வணக்கம்.

"அந்தப் படத்த எடுத்தவன்தானே இவன்?" என்று பின்னால் ஒருவர் கேட்கிறார். ஆமாம் ஐயா, அவனேதான். 'மாத்லா நதியில் மூன்று விளக்குகள்' என்ற நாவலைப் படமாக எடுத்தவன். எடுத்தவன் என்ன எடுத்தவன், கெடுத்தவன்! அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

எந்த வங்காளி வீட்டில் அந்தப் புத்தகம் இல்லை? காய்ச்சலில் படுத்த பிள்ளை கஞ்சிக்கு முன்னே கேட்டது எதை? பரீட்சைக்குப் படிப்பதாய்ப் பாசாங்கு செய்தவன் பூகோளப் புத்தகத்துக்குள் பொத்திவைத்தது எதை? துப்பறியும் அம்புஜ் நாகின் துணிச்சலை நம்மில் யார் கனவு காணவில்லை? ஆனால் அந்தக் கதையின் உச்சம் அம்புஜ் நாகா? இல்லை! ஆற்றில் கடலோதம் ஏறி இறங்கும் நேரத்தை மாற்றிச் சொல்லிக் கடத்தல்காரரைத் தப்பவிட்ட ஏழைப் படகோட்டி சோலேமான்! அவன் துடுப்பைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வானே, ஒரு வரி. "பாபு, ஆத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. பொய் சொன்னது நான்தான்."

இதோ, உங்கள் உதடுகளும் அசைகின்றன. அசையத்தானே செய்யும்!

அந்த சோலேமானாக நடிக்கத்தான் பவதோஷ் அண்ணனை அழைத்தேன். நாற்பதாண்டு மேடையில் முழங்கியவர். சினிமா அவருக்குக் கொடுத்தது என்ன? இரண்டு படத்தில் பிணம். ஒரு படத்தில் போலீஸ்காரரின் முதுகு. இதே தெருமுனைத் தேநீர்க் கடையில் வைத்துச் சொன்னேன். மண் குவளையைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"மூஞ்சி தெரியுமாடா?"

"தெரியும்ணே. க்ளோசப்பே இருக்கு."

"அப்ப சுரமாகிட்டச் சொல்லட்டுமா? அப்புறம் என்னைப் பொய்யனாக்கிடாதே."

"தாராளமாச் சொல்லுங்கண்ணே" என்றேன். இந்த நாக்குத்தான் சொன்னது.

அன்றே மாத்லா கரையிலுள்ள கானிங் படகுத் துறைக்குப் போனார். பத்தொன்பது நாள் படகுக்காரரோடு கிடந்து துடுப்புப் போடப் பழகினார். திரும்பி வந்தபோது உள்ளங்கை இரண்டும் கொப்புளம். சோற்றைப் பிசைய முடியவில்லை. ஹில்சா மீனை முள்ளெடுத்து அண்ணிதான் ஊட்டினார். "இந்த வயசுல நீங்க படகு ஓட்டலன்னு இங்க யாரு அழுதா?" என்று திட்டிக்கொண்டே ஊட்டினார். அவர் வாய் நிறையச் சோற்றோடு, "நீ பாரு, தியேட்டர்ல பாரு" என்றார். நானும் அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நடித்தார். படகோட்டியாகவே நடித்தார். கேமராக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன்பின் நடந்தது என்ன?

படம் பன்னிரண்டு நிமிடம் கூடுதலாக ஓடுகிறது என்றார்கள். தொகுப்பாளர், "எதைத் தூக்குறது?" என்று கேட்டார். நான் சொன்னேன்: "சோலேமான் சீனைத் தூக்கிடு. அதான் எல்லாருக்கும் மனப்பாடமாச்சே. காட்டித்தான் ஆகணுமா?"

அன்பர்களே! அறியாமையால் கெடுத்தவன் உண்டு. ஆசையால் கெடுத்தவன் உண்டு. எல்லோரும் அறிந்ததாயிற்றே என்ற ஆணவத்தால் கெடுத்தவன் நான் ஒருவன்தான்! துர்க்கையின் திருமுகம் யாருக்குத் தெரியாது? தெரியும் என்பதற்காக, சிற்பிகள் வாழும் குமார்துலியில் முகம் வைக்காமல் சிலை செய்வார்களா? செய்தால் நீங்கள் பந்தலில்தான் ஏற்றுவீர்களா?

"அவருகிட்டயாவது சொன்னியா?" என்கிறார் தேநீர்க் கடை பினோத். சொல்லவில்லை பினோத். படம் வெளியாகப் பதினொரு நாள் இருந்தது. பதினொரு நாளும் போனை எடுத்தேன், வைத்தேன். கோழை, வேறென்ன?

முதல் நாள் முதல் காட்சிக்கு இந்தத் தெருவிலிருந்து முப்பத்தேழு பேர் போனீர்கள். அண்ணி கைப்பையில் வீட்டுச் சங்கை வைத்திருந்தார், கணவர் முகம் திரையில் தெரிந்ததும் ஊதுவதற்காக. படகு துறைக்கு வந்தது. அரங்கம் ஒரு மூச்சு காத்திருந்தது. சோலேமான் பேசவில்லை, ஏனென்றால் சோலேமானே இல்லை. அப்போது மாடியிலிருந்து ஒரு குரல் அந்த வரியைச் சொன்னது. உடனே அரங்கமே எழுந்தது: "பாபு, ஆத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது!" கணவரின் வரியை ஊரே சொல்கிறதே என்று அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். மாட்டிக்கொண்டு பார்த்தபோது வேறு காட்சி.

படம் முடிந்து படியிறங்கும்போது அண்ணி கேட்டார். இரண்டு படி பின்னால் நான்.

"எங்க நீங்க வரவே இல்ல? நான் சங்கே ஊதலையே!"

"நீ கண்ணாடி தொடச்சிட்டிருந்தே. சரியா அப்பத்தான் வந்தேன். ஜனங்க எல்லாம் என்கூடச் சேந்து சொன்னாங்களே, காதுல விழல?"

"ஐயோ, பாவி நான்! இத்தன வருஷம் காத்திருந்து, அந்த நேரம் பாத்தா தொடைக்கணும்!"

அவர் அண்ணியின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். "படம் நல்லா வந்திருக்குடா" என்றார். என்னை அறைந்திருக்கலாமே அண்ணே! செருப்பைக் கழற்றி அடித்திருக்கலாமே!

தெருவே அதைக் கேட்டது. தெருவே வாயை மூடிக்கொண்டது. மறுபடி பார்க்கலாம் என்று அண்ணி கேட்டபோதெல்லாம் முழங்கால் வலி என்றார், டிக்கெட் இல்லை என்றார். மூன்றாம் வாரம் படம் அரங்கை விட்டுப் போயிற்று. பனிக்காலம் வந்ததும் அவரும் போய்விட்டார்.

நேற்று அவருடைய சிராத்தத்தில் அண்ணி என் கையைப் பிடித்தார். "தம்பி, அந்தப் படத்த ஒரு தடவ வீட்டுல போட்டுக் காட்டுப்பா. கண்ணாடி தொடைக்கப் போயி அவரத் தவற விட்டுட்டேன். அந்தக் குத்தம் என்னைத் தூங்கவிட மாட்டேங்குது."

எதைப் போட்டுக் காட்டுவேன்? வெட்டிய காட்சி இருந்த ஹார்ட் டிஸ்கில் இப்போது வேறொருவர் கல்யாணப் படம் இருக்கிறது. அழித்துவிட்டார்கள். தேடித் தேடிப் பார்த்தேன், எங்குமில்லை.

"தனியாச் சொல்லக்கூடாதா?" என்கிறீர்கள் அம்மா. தனியாகப் பறித்திருந்தால் தனியாகச் சொல்வேன். ஊர்கூடியிருக்கப் பறித்தேன், ஊர்கூடியிருக்கச் சொல்கிறேன். அண்ணனின் மேல் படிந்த பொய் அவருடையதன்று, அது என் பொய். அவர் சுமந்தார். அவருக்குப் பின் அண்ணி சுமக்கிறார். இனி நான் சுமப்பதுதானே முறை?

பொறுமையோடு கேட்ட பெரியோர்களே, தாய்மார்களே, இடைமறித்துக் கேட்ட தோழர்களே, உங்கள் எல்லோர்க்கும் என் நன்றி. இனி நான் பேசுவது ஒருவரிடம் மட்டும்.

அண்ணி, அண்ணன் படத்துல வரல. நான் வரவிடல. கண்ணாடியக் கழட்டிட்டீங்க, பாத்தேன். தொடைங்க அண்ணி. நிதானமாத் தொடைங்க. அன்னைக்கும் நீங்க எதையும் தவற விடல.

வணக்கம்.