மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படம்

பெண் பிள்ளைகளைப் படம் எடுக்கக் காலை நேரம்தான் நல்லது. முகத்தில் எண்ணெய் வழியாது.

கேட்டீர்கள், சொல்கிறேன் இன்ஸ்பெக்டர் ஐயா. தொண்ணூற்றெட்டில் பெரம்பலூர் ஸ்டூடியோக்காரர்கள் எல்லாரும் கல்யாண வீட்டையே துரத்தினார்கள். நான் அதற்கு முந்தின இடத்தைப் பிடித்தேன்: மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற பெண் படம். நானும் பெண் என்பதால் தாய்மார்கள் நம்பி வந்தார்கள். விலையைச் சுவரில் எழுதி வைக்கவில்லை. பெண்ணின் வயதைக் கேட்டுச் சொல்வேன். வயது ஏறினால் பேரம் பேச மாட்டார்கள்.

படத்தின் பின்னால் என் முத்திரை இருக்கும். அதைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் ரகசியமாக விசாரிக்க வருவார்கள்.

"பொண்ணு நேர்ல எப்படிங்க?"

"படத்துல நல்லா விழுந்திருக்குல்ல."

அது போதும். இடம் தட்டிப்போகும், தாய் மகளுக்கு வேறு புடவை கட்டி மறுபடி அழைத்து வருவாள்.

சிறுவாச்சூர் ஆண்டாயியின் மூத்த மகள் பரிமளா அப்படி நான்கு முறை வந்தாள். பின்னால் இரண்டு தங்கைகள் காத்திருந்தார்கள்.

"பேசாம இங்கயே வேலைக்குச் சேந்துடவாக்கா?" என்று சிரித்தாள்.

ஆண்டாயி சிரிக்கவில்லை. "ஒன் ஸ்டூடியோ ராசியில்ல தனம். வேற எடம் பாத்துக்கறேன்."

"பாரு. அங்க எடுத்தா மட்டும் கறுப்பு செவப்பாயிடுமா?"

வேறு இடத்தில்தான் எடுத்தாள். திருமானூர் மாப்பிள்ளைக்குப் பிடித்துப்போய், பூ வைக்க நாளும் குறித்துவிட்டார்கள். ராசியில்லாதவள் என்று பேர் வந்தால் என் கடைப் படி யார் ஏறுவார்கள்?

அரியலூரில் பஸ் மாறித் திருமானூர் போனேன். மாப்பிள்ளையின் தாய் காத்தாயி மோர் கொடுத்தாள்.

"தங்கமான பொண்ணுங்க. பிளாஷ் வெளிச்சம் பட்டா மட்டும் வலிப்பு வந்துடும். என் ஸ்டூடியோவுலயே ரெண்டு தடவ சாவிக்கொத்தக் கையில குடுத்துப் புடிச்சிக்கிட்டோம்," என்றேன். அப்படி எதுவும் நடந்ததில்லை.

"நல்லவேள சொன்னீங்க," என்று காத்தாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உங்களிடம் சொன்னதெல்லாம் சரிதான்.

பேச்சு முறிந்தது. வலிப்புக்காரி என்று ஊரெல்லாம் பரவியது. பரிமளா பருத்திக்கு வாங்கி வைத்திருந்த மருந்தைக் குடித்துவிட்டாள்.

மாலை போடப் பெரிய படம் வேண்டுமென்று ஆண்டாயி என்னிடம்தான் வந்தாள். "நீ எடுத்ததுலதான் சிரிக்கிறா தனம்," என்றாள்.

பொய் சொன்னவள் நான். அந்தக் குடும்பம் தலைநிமிராது என்று தெரிந்தேதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள். ஈவிரக்கம் இல்லாதவள் என்று மட்டும் எழுதாதீர்கள் ஐயா. அந்தப் படத்துக்கு நான் காசு வாங்கவில்லை. கண்ணாடிக்கும் பிரேமுக்கும் மட்டும்தான் வாங்கினேன்.