பேனிஷாவின் புரட்டாசி

ஜீவகாருண்யம் எங்கள் பரம்பரையின் ரத்தத்தில் ஊறியது. சித்தூரில் எங்கள் காலனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கொசு பேட் இரண்டு வைத்திருக்கிறோம், அது வேறு விஷயம். நீங்கள் நகரியிலிருந்து பஸ் ஏறி வந்து, காபிகூடத் தொடாமல், "மஞ்சுவா பண்ணா? நெஜத்தச் சொல்லுங்க சம்பந்தி" என்று கேட்டதால் முதலிலிருந்து சொல்கிறேன். நடந்துகொண்டே சொல்கிறேன், ஒரு வாரமாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.

உங்கள் பவ்யா வளர்த்தது சாலமாண்டர் ஜாதி. தண்ணீரிலேயே கிடக்கும், பல்லியாவதா மீனாவதா என்று முடிவெடுக்காமல் பாதியில் நின்றுவிட்டதுபோல. மஞ்சளாக இருந்ததால் நம்மூர் மாம்பழத்தின் பெயரையே வைத்திருந்தாள், பேனிஷா என்று. ஆவணியில் ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. தொட்டித் தண்ணீர் சூடேறி, அதன் செவுளில் பஞ்சுபோலப் பூஞ்சை பிடித்தது. சாப்பாட்டை நிறுத்திவிட்டது. திருப்பதியில் டாக்டரிடம் நானேதான் காரில் கூட்டிப்போனேன். மருந்தில் பூஞ்சை போயிற்று. வாய் மட்டும் திறக்கவில்லை.

"ஒடம்புல ஒண்ணுமே மிச்சம் இல்ல சார். தெனம் ஒரு மண்புழு, வாய்கிட்ட ஆட்டிக்கினே இருங்க. ஒரு தரம் துன்ன ஆரமிச்சிட்டா பொழச்சிக்கும். இல்லன்னா பத்து நாள்தான்" என்றார் டாக்டரம்மா.

அந்தப் பத்து நாளில்தான் பவ்யாவின் கம்பெனி அவளைப் பயிற்சிக்குப் புனே அனுப்பியது. "உங்கள நம்பித்தான் மாமா வுட்டுட்டுப் போறேன். ஆறு மணிக்கு ஒரு புழு. மறக்காம வீடியோ அனுப்புங்க" என்றாள். மாமனாரை இவ்வளவு நம்பும் மருமகள் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

முதல் நாள் மாலை, வீட்டு வேலைக்கு வரும் மஞ்சு இடுக்கியில் புழுவைப் பிடித்து அரை மணி நேரம் ஆட்டினாள். "துன்னுடுச்சி சார்! கபால்னு இஸ்துக்கிச்சி பாருங்க" என்றாள். வீடியோ எடுத்தேன். நல்ல தெளிவான வீடியோ.

மறுநாள் புரட்டாசி பிறந்தது. ஆம்லெட் போடும் தோசைக்கல்கூடப் பரணுக்குப் போய்விடும் மாதம். பெருமாள் மாதத்தில் ஃபிரிட்ஜில் புழு டப்பாவா? மஞ்சுவை இனி வரவேண்டாம் என்றேன். புழுக்களைத் தெருமுனைச் சாக்கடையில் விட்டேன், அவையும் உயிர்கள்தானே. பேனிஷாவும் ஒரு மாதம் விரதம் இருந்தால் அதற்கும் புண்ணியம் என்று என் மனைவி சுலோசனாவுக்கு விளக்கினேன்.

"பெருமாளே மீனா, ஆமையா பொறந்தவரு. அப்ப இன்னா தயிர்சாதமா துன்னுக்கினு இருந்தாரு?" என்றாள். அவளுக்கு ஆன்மிக ஞானம் கொஞ்சம் குறைவு.

சர்க்கரைப் பொங்கலை உருட்டிப் போட்டேன். நெய் படலமாக மிதந்தது. துளசி போட்டேன். உள்ளே இழுத்துத் துப்பிவிட்டது. ஒன்று சொல்லவேண்டும். தினமும் ஆறு மணிக்கு அது கண்ணாடியருகே வந்து வாயைத் திறந்து காத்திருந்தது. பசி திரும்பியிருந்தது. நான் தொட்டியைக் குளிர்விக்கும் ஐஸ் பாட்டிலை மாற்றுவேன், கேட் வரை நடப்பேன், திரும்பி வருவேன், மறுபடி மாற்றுவேன். அது அங்கேயே நிற்கும். ஐந்தாம் நாள் தொட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டேன்.

பவ்யாவுக்குத் தினமும் வீடியோ போயிற்று. எல்லாம் ஒரே வீடியோதான். ஒரு நாள் முன்பக்கம் வெட்டினேன், ஒரு நாள் பின்பக்கம். ஒரு நாள் நாதஸ்வரம் சேர்த்தேன். "டெய்லி அதே எடத்துலயே நிக்குதா மாமா?" என்று கேட்டிருந்தாள். ஒழுக்கமான பிராணி என்று பதில் போட்டேன்.

எட்டாம் நாள் மல்லாந்து மிதந்தது. அன்று காலை மஞ்சு, விட்டுப்போன டிபன் பாக்ஸை எடுத்துப்போக வந்திருந்தாள். அது வசதியாகப் போயிற்று. கோபத்தில் தொட்டியில் பினாயிலை ஊற்றிவிட்டாள் என்று பவ்யாவிடம் சொன்னேன். காலனி வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன், சங்கத் தலைவர் என்ற பொறுப்பில். அவள் வேலை செய்த மற்ற மூன்று வீடுகளும் அவளை நிறுத்திவிட்டன. புனேயிலிருந்து வந்த பவ்யா என் முன்னால் உட்கார்ந்து அழுதாள். நானும் கண் கலங்கினேன். அதில் நடிப்பு இல்லை. பிறகு அந்த வீடியோக்களை வரிசையாகப் போட்டுப் பார்த்திருக்கிறாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். மஞ்சு எதையும் ஊற்றவில்லை. பட்டினி போட்டுக் கொன்றது நான். புரட்டாசிக்காக அவளை நிறுத்தினேன் என்றதும் முழுக்கச் சரியில்லை. முதல் நாள் இடுக்கியை முதலில் பிடித்தது நான்தான். புழு நழுவி என் முழங்கையில் விழுந்தது. நான் டைனிங் டேபிள் மேல் ஏறி நின்றுகொண்டேன். மஞ்சுதான் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.