அட்டையில் அல்டோனா

பனி விழுகிற நாளில் என் கட்டைவிரல் மூட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறிக்கும். கைவிலங்கைக் கழற்றச் சொன்னீர்களே, நன்றி ஐயா. காலையிலிருந்து மாலைவரை அட்டை கிழிக்கிறவனுக்கு வேறெங்கே வலிக்கும்?

என் தங்கை அல்டோனா விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரிய வேண்டும். சிகாகோவில் மருந்துக்கடை, சவரக்கடை, பஸ் நிலையம் என்று கம்பித் தட்டிகளில் செருகியிருக்கும் மலிவுப் புத்தகங்கள் விற்காமல் போனால் எங்கள் கிடங்குக்குத் திரும்பி வரும். முழுப் புத்தகத்தையும் திருப்பி அனுப்பினால் லாரி வாடகைக்குக் கட்டாது. அட்டையை மட்டும் கிழித்துப் பதிப்பாளனுக்கு அனுப்பினால் போதும், விற்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. மிச்சத் தாளெல்லாம் அரைத்துக் காகிதக் கூழாக்கும் ஆலைக்குப் போகும். எழுதினவனுக்கு அவ்வளவுதான் மரியாதை. என் அப்பா இறைச்சிக்கூடத்தில் மாட்டுத்தோல் உரித்தார். அவர் உரித்ததில் உள்ளே இருந்தது தின்னவாவது உதவியது.

அட்டைகள் எல்லாம் ஒரே அச்சு. கட்டில் விளிம்பில் உள்ளாடை நழுவிய ஒருத்தி, கதவோரம் தொப்பி வைத்த ஒருவன். கீழே ஒரு வாசகம்: ‘கணவன் கப்பலில், கதவோ திறந்தபடி.’ இதைப் பார்த்து எச்சில் விழுங்கிக்கொண்டு காசை நீட்டுகிற மடையர்களை எனக்குத் தெரியும். வெளியே வரைந்திருப்பது உள்ளே இருக்கும் என்று நம்புகிற ஜென்மங்கள். நான் அதில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை.

போன மாதம் திரும்பி வந்த ஒரு புத்தகக் கட்டைப் பிரித்தேன். மேலே இருந்த அட்டையில் அல்டோனா இருந்தாள். புத்தகத்தின் பெயர் ‘இரவு இணைப்பு’. தலையில் தொலைபேசிக்காரிகள் மாட்டுகிற கருவி, தோளில் துணியே இல்லை. அவள் தொலைபேசி நிலையத்தில் இரவு வேலை பார்க்கிறவள். வாசகம் இது: ‘பகலெல்லாம் உறங்கினாள். இரவெல்லாம் யார் அழைத்தாலும் மறுக்கவில்லை.’

பக்கத்து மேசையில் கிழிக்கிற ஹார்லன் எட்டிப் பார்த்தான். “டேய் விட்டோல்ட், உன் தங்கச்சி ஜாடையா இருக்குல்ல? எனக்கும் ஒரு லைன் போட்டுத் தரச் சொல்லேன்.”

நானும் சிரித்து வைத்தேன். அந்தக் கட்டிலிருந்த அட்டைகளையெல்லாம் கிழித்துக் கொதிகலனில் போட்டேன், ஒன்றைத் தவிர. தாள்களை மூட்டையாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஆனால் ஊரிலுள்ள தட்டிகளை நான் என்ன செய்ய முடியும்? அம்மா செத்ததிலிருந்து அவளை வளர்த்தவன் நான். ஈஸ்டர் முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரும் அதே மருந்துக்கடைக்குத்தான் போகிறார்கள்.

வேலை முடிந்து வந்தவளிடம் அட்டையைக் காட்டினேன். அவள் சிரித்தாள். கருவியைச் சரியாக மாட்டத் தெரிந்த ஒருத்தி வேண்டும் என்று அட்டைப்படம் வரைகிற ஓவியர் ஒருவர் கேட்டாராம். கல்யாணத்துக்குச் செருப்பு வாங்கலாமே என்று போனாளாம். அவர் மனைவி அதே அறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாளாம்.

“கழுத்துவரைக்கும் கம்பளிக்கோட்டு போட்டிருந்தேண்ணா. இந்தத் தோளு என்னுதே இல்ல. எனக்கு ஏது இவ்வளவு சதை?”

“எழுதியிருக்கிறது?”

“அத எழுதினவன் என்னக் கண்ணால பாத்ததில்ல. மொதல்ல படம் போடுவாங்க, அப்பறம் எவனாவது கதை கட்டுவான். உள்ள படிச்சுத்தான் பாரேன்.”

படிக்க என்ன இருக்கிறது? பகலில் தூங்கினாள். இரவில் போனாள். யார் அழைத்தாலும் பேசினாள். வாசகத்தில் பொய்யாக ஒரு சொல் இல்லை. பழகின கண் ஐயா என்னுடையது.

மறுநாள் காலை அவள் வந்து படுத்தாள். அவள் அறையில் எரிவாயுக் கணப்பு உண்டு. அதன் நச்சுப்புகையை வெளியேற்றும் குழாய் கொல்லைச் சுவர் வழியாக வெளியே வரும். மூட்டையிலிருந்த தாள்களைக் கசக்கி அதில் திணித்தேன். மட்டமான தாள், நன்றாக இறுகிக்கொண்டது. ஜன்னல் இடுக்கில் குளிருக்காக அவளே துணி செருகியிருந்தாள். அவள் எழுந்தால் சாப்பிட முட்டைக்கோஸ் சூப்பை மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு விரல் அவ்வளவாக வலிக்கவில்லை.

குழாயிலிருந்து எடுத்த தாள்களை நீங்கள் படித்துப் பார்த்தீர்களாம். பீச் தோட்டம் வைத்திருக்கும் ஒரு விதவையின் கதை, அந்த ஊரில் தொலைபேசிக் கம்பியே கிடையாது என்கிறீர்கள். கையில் கிடைத்த அட்டையை ஒட்டி விற்றிருக்கிறார்கள் என்கிறீர்கள். ஓவியரின் மனைவி வந்து கோட்டையும் கிழங்கையும் பற்றிச் சத்தியம் செய்தாளாம். செய்யட்டும். அட்டையைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் வேறு ஆட்கள். நான் அந்த ரகமில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். குழாயை அடைத்தது நான்தான், அவள் உள்ளே தூங்குகிறாள் என்று தெரிந்தே அடைத்தேன். ஆனால் அட்டையைக் காட்டியபோது அவள் சிரித்தாளே, அதையும் எழுத வேண்டும். வளர்த்தவன் முன்னால் தலைகுனிந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். அல்டோனா என்னிடம் இன்னும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.