முகத்தை இழந்த வீரன்

சான்பாடா ஸ்டேஷனில் ஏறிய இரண்டு பெண்கள் மும்பை லோக்கல் ரயிலின் லேடீஸ் டப்பாவில் என் எதிரே உட்கார்ந்தார்கள். பையை மடியில் வைத்துக்கொண்டதுமே கண்ணாடி போட்டவள் கேட்டாள்: "முகமே இல்லாதவன் எப்படிடி நூடுல்ஸ் சாப்பிடறான்?"

"யாரு?" என்றாள் தோழி.

"நீ படிக்கச் சொன்னியே, ஆப்ல தமிழ்ல வரதே, அந்தச் சீனாக்காரா மந்திரக் கதை. ஹீரோ வாள்சண்டையில தோத்துட்டான். 'அனைவர் முன்னிலையிலும் தன் முகத்தை இழந்தான்'னு போட்டிருந்தது. அதுலேர்ந்து நாற்பது அத்தியாயமா முகம் இல்லாமயே சுத்தறான். கதை ஜோர்தான், ஒவ்வொரு அத்தியாயம் முடியறச்சேயும் ஃபோனைக் கீழ வைக்கவே மனசு வரல. நேத்து இளவரசி அவன் கன்னத்தைத் தொட்டா. இல்லாத கன்னத்தை எங்கேன்னு தேடித் தொட்டாளோ, எனக்கு அழுகையே வந்துடுத்து."

தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அரே, அது மெஷின் பண்ணின தமிழ்டி. முகம் எங்கேயும் போகல. மானம் போச்சுன்னு அர்த்தம். நான் இங்கிலீஷ்ல படிக்கறேன், அதுல நன்னாப் புரியறது. லிங்க் அனுப்பட்டுமா?"

கண்ணாடிக்காரியின் முகம் வாடிவிட்டது.

"வேண்டாம்" என்றாள். "மானம் போனவனுக்காகவா நான் அழுதேன்? எங்க ஆபீஸ்லயே அப்படி நாலு பேர் இருக்கா. எல்லாருக்கும் ப்ரமோஷன் வந்தாச்சு."