புல்லுக்கு லீவு

எண்பதுகளில் ஒரு காலை, போடியிலிருந்து மலை மேலிருக்கும் மெட்டுக்கு ஏறும் ஜீப்பில் பதினாலு பேர் நெருக்கிக்கொண்டு இருந்தோம். என் முழங்காலை இடித்தபடி உட்கார்ந்திருந்த மீசைக்காரர் தன் மச்சினனிடம் சொன்னார்:

“மேக்குச் சரிவுல புல்லுக்கு லீவு விட்டிருக்கேன், மாப்ளே.”

ஜீப்பே திரும்பிப் பார்த்தது.

“பள்ளிக்கூடமா மச்சான் நடத்துறீங்க?”

“சரிவ நாலாப் பிரிச்சு வேலி போட்டுருக்கேன். பத்து நாளைக்கு ஒண்ணுல மாடு மேயும், மத்த மூணும் சும்மா கெடக்கும். புல்லு தலையெடுக்கணும்ல. அப்பத்தேன் கோடையிலயும் பச்சை இருக்கும்.”

“பசிச்ச மாடு ஒரே துண்டுல பத்து நாள் பொறுக்குமா?”

“மாடு பொறுத்துருச்சு. ஒங்கக்காதேன் பொறுக்கல. மேக்க வேலிப் படலத் தொறந்துவிட்டு, வளந்த புல்ல மொட்டையாக்கிட்டா. நல்லா வைஞ்சுட்டேன். ரெண்டு நாளா எங்கூடப் பேச்சு இல்ல. சோத்துத் தட்ட டொக்குனு வச்சுட்டுப் போறா.”

“அக்காதான் தொறந்துச்சாமா?”

“இல்லைன்னுதேன் சத்தியம் பண்றா. பெறகு யாரு தொறப்பா?”

ஒரு கொண்டை ஊசி வளைவு போயிற்று. இன்னொன்றும் போயிற்று. மச்சினன் காலடியில் கிடந்த அரிசி மூட்டையின் கிழிசலை விரலால் நோண்டிக்கொண்டிருந்தார்.

“மச்சான், சும்மாதான கெடக்குன்னு படலத் தொறந்து எம்மாட்ட நாந்தேன் உள்ள பத்திவிட்டேன்.”

மீசைக்காரர் அவரைத் திட்டவில்லை. டிரைவரின் தோளைத் தட்டினார்.

“தம்பி, வண்டிய ஓரங்கட்டு. ரெண்டு பேரும் கீழ வீட்டுக்குத் திரும்பிப் போறோம். மத்தியானச் சோத்துக்குள்ள இவன் வாயால அவகிட்டச் சொல்லியாகணும்.”