செய்ததைக் காட்டச் சொல்லுங்கள்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் அங்கப்பன் ஐயா அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மேன்மைமிகு ஆசிரியப் பெருமக்களே, அன்னூரிலிருந்தும் போத்தனூரிலிருந்தும் பஸ் மாறிச் சரவணம்பட்டிக்கு வந்து, பிள்ளையின் மார்க் சீட்டை மடியில் வைத்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, "சீக்கிரம் முடி" என்று மூன்றாம் வரிசையிலிருந்து ஜாடை காட்டும், என்னைப் பெற்ற அத்தா அமீர் ஹம்சா அவர்களே, பிளஸ் டூ முடித்த பிள்ளைச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும், வீடியோ கேம் செய்வதையே தொழிலாகக் கொண்ட நஃபீசாவின் நெஞ்சம் நிறைந்த வணக்கம்.

வீடியோ கேம் செய்யும் தொழிலுக்குப் போக எங்கே படிப்பது, குறைந்த செலவில் படிக்க முடியுமா என்று கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கேள்வி தொண்ணூற்றேழாம் ஆண்டில் வந்தது.

அது என்ன காலம்? தெருவுக்கு ஒரு வீட்டில் டிவி கேம் இருந்த காலம். திரையைச் சுற்றித் தெருவே திரண்ட காலம். கேசட் ஓடவில்லையென்றால் எடுத்து, ஊதி, மறுபடி போட்ட காலம். ஊதியவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம். அடேயப்பா, மேடையிலும் இரண்டு கை தெரிகிறது. கோட்டைமேட்டில் மாமா வீட்டில் விளையாடும்போது மற்றவர்களுக்கு ஜெயிக்க ஆசை. எனக்கோ, திரைக்குள் ஓடும் அந்தக் குட்டி மனிதனைப் போல் ஒருவனைச் செய்துவிட ஆசை.

நூறடி ரோட்டில் அப்போது அனிமேஷன் கற்றுத்தரும் ஒரு பயிற்சி நிலையம் இருந்தது. பெயர் வேண்டாம், இன்று அது இல்லை. கண்ணாடிக் கதவு, கால் சில்லிடும் ஏசி, கனிவான பேச்சு. கட்டணமோ எங்கள் வீட்டுக்கு எட்டாத தொகை. தையல் கடைகளுக்கு நூலும் பொத்தானும் போடுவதுதான் அத்தாவின் வியாபாரம். அந்த வியாபாரத்தைத் தாங்கியது எது? அவருடைய டிவிஎஸ் ஃபிஃப்டி. அதை விற்றுவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்.

"வண்டி போனா நடந்து போயி சரக்குப் போட்டுட்டு வாரேன் கண்ணு. நீ படி" என்றார்.

வண்டி போனால் வியாபாரம் பாதி போகும். படிப்பும் வீணானால் இன்னொரு படிப்புக்கு வழியில்லை. எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாய்ப்பு, அது தப்பிவிடக் கூடாதே என்று தவித்தேன்.

அங்கே படிக்கிற நாலு பேரை விசாரித்துவிடலாம் என்று நானும் தோழி புவனாவும் அந்த வாசலில் போய் நின்றோம். "ஏனுங்ணா, கோர்ஸ் எப்படிங்க?" என்று கேட்டோம். "நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் ஒருவர். "தாராளமா சேருங்க அம்மணி" என்றார் இன்னொருவர். நம் ஊரில் வேறென்ன சொல்வார்கள்? சாம்பாரில் உப்பே இல்லாத கல்யாணத்திலும் "சாப்பாடு அருமைங்க" என்று சொல்லிவிட்டுத் தாம்பூலப் பை வாங்குகிறவர்கள் அல்லவா நாம்? சிரிக்கிறீர்கள், போன வாரம் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். அந்த மரியாதைப் பேச்சை நம்பிப் பணம் கட்டியிருந்தால், என் அத்தா நடந்தே தேய்ந்திருப்பார்.

கடைசியாக வெளியே வந்தவர் கிருபாசங்கர். அவரும் "நல்லாருக்குதுங்க" என்றார். புவனாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"சரிங்ணா, நீங்க செஞ்சதுல ஒண்ணு காட்டுங்க."

அவர் தயங்கி, சட்டைப் பையிலிருந்து ஒரு ஃபிளாப்பியை எடுத்தார். "இதுல ஒரு குதிரை ஓடுமுங்க. ஆனா இங்க செஞ்சதில்லீங்க. இங்க ஒரு மிஷினுக்கு நாலு பேரு. நம்ம முறை வர்றதுக்குள்ள பெல் அடிச்சுப்போடுதுங்க. நான் வேலைக்குப் போற பெட்சீட் டிசைன் கடையில செஞ்சதுங்க."

பெட்சீட்டுக்கும் கேமுக்கும் என்ன சம்பந்தம்? போய்ப் பார்த்தோம். தறியில் மயில் வர வேண்டுமென்றால், முதலில் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிறம் நிரப்பி மயிலைச் செய்ய வேண்டும். நான் தேடிய குட்டி மனிதனும் அப்படிக் கட்டம் கட்டமாகச் செய்யப்பட்டவன்தான். மயில் செய்தால் சம்பளம். வேலை இல்லாத நேரத்தில் மிஷின் நமக்கு. கற்றுக்கொடுக்கக் காசு கேட்காமல், கையில் காசு கொடுத்துக் கற்றுக்கொடுத்த இடம் அது.

அன்று வீட்டுக்கு வந்ததும், "வண்டிய விக்க வேண்டாங்கத்தா. காலையில அரசு காலேஜ்ல பி.எஸ்சி. கம்ப்யூட்டர், மத்தியானம் டிசைன் கடை" என்றேன்.

"கடையில சேத்துக்குவாங்களா?"

"கேட்டுட்டுத்தான் வந்தேனுங்க."

படிப்பு முடியும்வரை அந்த வண்டியில்தான் அத்தா என்னைக் கடையில் இறக்கிவிட்டார். நான் செய்த முதல் கேம் என்ன தெரியுமா? உக்கடத்தில் புறப்பட்டு, பஸ்ஸுக்கும் மாட்டு வண்டிக்கும் தப்பி டவுன்ஹால் போய்ச் சேரும் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி. அத்தாவைக் கூட்டி வந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "முன்னால மாட்டற நூல் பை எங்க கண்ணு?" என்றார். அன்றே அதையும் செய்து மாட்டினேன். அந்த நாள் இன்னொரு முறை வருமா?

என் பிள்ளைச் செல்வங்களே, இந்த மண்டபத்துக்கு வெளியே ஆள் சேர்க்கும் கல்லூரிகளின் பந்தல் எத்தனை, எத்தனை பளபளப்பு! மரியாதையாகக் கேளுங்கள். "ங்க" போட்டே கேளுங்கள். ஆனால் கேளுங்கள்! "உங்க மாணவர்கள் செஞ்சதைக் காட்டுங்க" என்று கேளுங்கள். காட்டினால் கட்டணத்தைப் பேசுங்கள். காட்டாவிட்டால் கும்பிட்டுவிட்டு வாருங்கள். அடிப்படைக்கு அரசுக் கல்லூரி உண்டு. கைப்பழக்கத்துக்கு, கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் இடம் எதுவென்று தேடுங்கள்.

"அப்ப நீ செஞ்சதைக் காட்டு அம்மணி" என்கிறார் பின்வரிசையில் ஓர் அம்மா. இதைத்தானே நான் எதிர்பார்த்தேன்! கொண்டுவந்திருக்கிறேன் தாயே. விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். அதோ திரையில் உக்கடம், அதோ வண்டி.

அத்தா, நூல் பை இருக்குதுங்களா?

தலையாட்டுகிறார். எனக்கு அது போதும். செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி, வாரேனுங்க.