ஐந்தாம் படகுக்குக் கொடுத்த கொடி

எனக்குச் சட்டென்று கோபம் வராது, சார். காசிமேட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

சண்டை தொடங்கியதும் ரோந்துக்குப் படகு போதாமல் எங்கள் மோட்டார் படகுகள் ஐந்தைக் கடற்படை குத்தகைக்கு எடுத்தது. அதில் ஒன்று என்னுடையது. முப்பத்தொரு வருஷம் நான் ஓட்டிய படகு. ஆனால் புள்ளி புள்ளியாக ஓர் அட்டையை நீட்டினார்கள். அதற்குள் இருந்த எண்ணை நான் சொல்லவில்லையாம், எனக்கு நிறக்குருடு என்று எழுதிவிட்டார்கள். புள்ளியைப் படித்தா நான் எண்ணூர் முகத்துவாரத்தில் படகு விட்டேன்?

என் படகை என் தங்கை எல்சியின் புருஷன் நோயலிடம் கொடுத்தார்கள். எனக்குக் கரை வேலை. ரகசியம் வெளியே போகக்கூடாதென்று, அன்றைய நிறத்தைக் காலையில் எனக்கு மட்டும் சொல்வார்கள். அந்த நிறக் கொடியைப் படகுகளுக்கு நான் கொடுக்க வேண்டும். வேறு கொடியோடு வந்தால் எதிரிப் படகு, சுட்டுவிடுவார்கள். கரை வேலைக்குக் கண் பரிசோதனை கிடையாது.

நோயல் தினமும் கொடியை வாங்கி எல்லார் முன்னாலும் விரித்துப் பிடிப்பான். "மச்சான், இது இன்னா கலரு, சொல்லு பாக்கலாம்?" பதினெட்டு நாள் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்தேன்.

பத்தொன்பதாம் நாள் நிறம் பச்சை. நாலு படகுக்குப் பச்சை கொடுத்தேன். நோயலுக்குச் சிவப்பு. அன்று மட்டும் அவன் விரிக்கவில்லை. "நீ குட்தா கரீட்டாத்தான் இருக்கும் மச்சான்" என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினான். கேட்டிருந்தால் சிவப்பு என்று சரியாகவே சொல்லியிருப்பேன். எண்ணூர் தாண்டியதும் சுட்டார்கள். உடல் மறுநாள் திருவொற்றியூரில் ஒதுங்கியது.

நிறம் தெரியாமல் நேர்ந்த தவறு என்று நீங்கள் அறிக்கை எழுதி, என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டீர்கள். நாலு கொடியைச் சரியாகக் கொடுத்தவனுக்கு ஐந்தாவது மட்டும் எப்படி சார் தப்பும்? ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லையா?

அடக்கத்தன்று எல்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம் அழுதாள். "எங்க அண்ணன் மேல தப்பு இல்ல. பாவம், அதுக்குக் கண்ணு தெரியாது." எல்லார் முன்னாலும் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியாமல்தான் இங்கே வந்தேன்.

உங்கள் அறிக்கையில் அந்த வரியை அடித்துவிட்டுக் கொலை என்று எழுதுங்கள். எல்சியிடமும் சொல்லிவிடுங்கள், அண்ணனுக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது என்று.